இருபத்திரண்டு மில்லிமீட்டர்

மகளிர் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துச் சாம்பியன் போட்டி அந்த வருடம் தங்கள் கல்லூரியிலேயே நடக்கப்போகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியபோது மாணவிகள் கத்திக் கூச்சலிட்டார்கள். தரைக்காரர் மட்டும் உள்ளரங்கத்துக்குப் போய், மரத்தரையின் ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு பலகையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் காவலாளியிலிருந்து முதல்வர்வரை எல்லோருக்கும் அவர் தரைக்காரர்தான். இருபத்திரண்டு வருடங்களாக அந்தத் தரையைத் தேய்த்து, துடைத்து, வார்னிஷ் பூசி வருகிறார். யாராவது வெளிச்செருப்போடு உள்ளே கால் வைத்தால், வைத்தவர் யாராக இருந்தாலும் அவருடைய வாயில் விழுந்து எழ வேண்டும். ஒருமுறை பரிசு கொடுக்க வந்த பெரிய மனிதரையே வாசலில் நிறுத்தி, சாக்ஸோடு நடக்க வைத்தார். அதில் ஒரு விரலுக்கு ஓட்டை இருந்ததை அணிப் பெண்கள் ஒரு மாதம் பேசிச் சிரித்தார்கள்.

போட்டிக்குப் பதினான்கு நாள்தான் இருந்தது. பதினாறு கல்லூரிகள் வருகின்றன. தரையின் பழைய பூச்சு அங்கங்கே உரிந்து, நடுவட்டத்தின் நிறம் வெளுத்துப் போயிருந்தது. முழுத் தரையையும் இழைத்து, கோடுகளைப் புதிதாக வரைந்து, மூன்று முறை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் காய வெயில் காலத்தில் ஒரு நாள் போதும். இந்த வருடமோ மழை முடிந்த பாடில்லை. சுவரில் கை வைத்தால் ஈரம் ஒட்டியது.

தேய்ப்பு இயந்திரம் ஓர் ஆள் எடை இருக்கும். அதன் உருளையில் உப்புத்தாளைச் சுற்றி, பலகை ஓடும் திசையிலேயே தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஓரிடத்தில் அரை நொடி நின்றாலும் குழி விழுந்துவிடும். பலகைகளைக் கோர்த்திருக்கும் நாக்குக்கு மேலே ஏழு மில்லிமீட்டர் மரம்தான் மிச்சம் என்று அளந்து வைத்திருந்தார். இந்தத் தடவை அரை மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது. உதவிக்கு ஆள் தருகிறேன் என்று மேலாளர் சொன்னதற்கு, வருகிறவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில் நானே ரெண்டு வரிசை முடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அவருடைய ஒரே மகள் அதே கல்லூரியில் கடைசி வருடம். ஐந்தடி பதினோரு அங்குலம். அணியில் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வளையத்துக்கு அடியில் நிற்கிற இடம் அவளுடையது. எங்கிருந்து பந்து எகிறி வந்தாலும் அவள் கைக்குத்தான் போகும். போன வருடம் அரையிறுதியில் இரண்டே புள்ளியில் தோற்றார்கள். பேருந்தில் திரும்பி வந்த ஆறு மணி நேரமும் அவள் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து ஓடப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட ஓட்டத்தை விடவில்லை.

தரை வேலை நடந்ததால் அணி பின்புறத்து சிமெண்ட் தளத்தில் பயிற்சி செய்தது. மழை நின்றதும் பெண்கள் எல்லோரும் துடைப்பத்தோடு இறங்கித் தண்ணீரைத் தள்ளுவார்கள். அணியிலேயே குள்ளமானவள் கடுகு. பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை ஓட்டுகிறவள் அவள். கொக்கின் உயிர்த்தோழி. இவள் துடைக்கிற தண்ணீர் அவள் கணுக்காலில் தெறிக்கும், அவள் துடைக்கிறது இவள் முகத்தில் அடிக்கும். மதியம் தரைக்காரர் மரத்தூள் அப்பிய தலையோடு வெளியே வந்து சோற்று டப்பாவைத் திறந்தால், இரண்டு பேரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதிலிருந்த முட்டையைப் பங்கு போட்டுவிட்டுப் போவார்கள். நாளைக்கு மூணு முட்டையா வைக்கச் சொல்லுங்க அப்பா என்று கடுகு சொல்வாள். அவளுக்கும் அவர் அப்பாதான்.

போட்டிக் குழு அந்த வருடம் புதிதாக ஒரு விதி போட்டிருந்தது. ஒவ்வொரு ஆட்டக்காரியும் இதயத்தைச் சோதித்து டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவர வேண்டும். பன்னிரண்டு பெண்களும் கல்லூரி வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். பதினொரு பேர் சான்றிதழோடு திரும்பினார்கள். கொக்கை மட்டும் மறுநாள் ஸ்கேனுக்கு வரச் சொன்னார்கள். இவள் நெஞ்சுக்கூடு நீளம், அந்த மிஷினுக்குள்ள அடங்கியிருக்காது என்று கடுகு சொன்னாள். வேன் முழுக்கச் சிரித்தது.

ஸ்கேன் எடுத்த மறுநாள் அப்பா, அம்மா இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். தாய்க்கு அது புது இடமில்லை. அந்த மருத்துவமனைச் சமையலறையில்தான் பதினோரு வருடமாகக் காய் நறுக்குகிறாள், வார்டு வார்டாகச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறாள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து டாக்டரோடு பேசுவது அதுதான் முதல் முறை. ஏப்ரனைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இதய டாக்டர் இளவயதுப் பெண். நிதானமாகப் பேசினாள்.

"உங்க பொண்ணோட இதயத்துல ஒரு பக்கத்துச் சுவர் தடிச்சிருக்கு. சாதாரணமா பத்து, பதினொண்ணு இருக்கும். இவங்களுக்கு இருபத்திரண்டு."

"இருபத்திரண்டு என்னது?" என்றார் தரைக்காரர்.

"மில்லிமீட்டர்."

தாய்க்கும் மகளுக்கும் அது ஒரு சின்ன அளவாகத்தான் பட்டது. மகள் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அரை மில்லி மரத்தை எடுக்க மூன்று நாள் இயந்திரம் தள்ளுகிற மனிதருக்கு மட்டும் பதினோரு மில்லி அதிகம் என்றால் எவ்வளவு என்று தெரிந்தது. அவர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அந்த அளவுக்கு விலக்கி, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது பிறவியிலேயே வருவது, வளர வளரத் தெரிவது, பலருக்கு எந்தத் தொந்தரவும் கொடுக்காமலே இருப்பது என்று டாக்டர் விளக்கினாள். கடுமையாக ஓடும்போது, தாவும்போது துடிப்பு ஒழுங்கு தப்பி, நின்றுவிடக்கூடும். நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஆனால் நின்றால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு நிற்காது. மாத்திரை உண்டு, அது துடிப்பை மட்டுப்படுத்தும், தடிப்பைக் குறைக்காது. நடக்கலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம். போட்டி ஆட்டம் மட்டும் கூடாது.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள் மகள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நாள் கணக்கு இல்லம்மா. இனிமே வேண்டாம்."

பிறகு குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டாள். தாய் இல்லை என்று தலையசைத்தாள். தரைக்காரர் விலக்கி வைத்திருந்த விரல்களை மடக்கிக்கொண்டார். அப்புறம் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். இருபத்தாறு வயது. வீடு மாற்றும்போது மேசையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவன், ஏறி முடித்து, இறக்கி வைத்து, அப்படியே சாய்ந்துவிட்டான். வெயில் தாக்கிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் முப்பது வருடமாக அப்படியேதான் நம்பியிருந்தார். டாக்டர் அதை எழுதிக்கொண்டு, நீங்கள் இரண்டு பேரும் இந்த வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும் என்றாள்.

அவர்கள் வீடு ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில். ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அன்று சாயங்காலம் தாய் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மகள் காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். படிக்கட்டில் தடதடவென்று சத்தம். கீழே வரைக்கும் இறங்கி, மறுபடி மேலே. இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்தாள். தாய் கத்தியோடு வெளியே ஓடிவந்தபோது அவள் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி மறுபடியும் இறங்கிக்கொண்டிருந்தாள்.

தாய் நில்லடி என்றாள். கீழேயிருந்து சத்தம் மட்டும்தான் வந்தது. இரண்டாவது மாடிக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். நான்கு தடவை, ஐந்து தடவை. தாய் மேல்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை சத்தம் தேய்ந்து போகும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, திரும்பக் கேட்கும்போது விட்டாள். போய்ப் பிடிக்கலாம் என்றால் பிடிக்கிறதில் இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். கடைசியில் மகள் எதிரே வந்து நின்றாள். நெற்றியில் மட்டும் கொஞ்சம் வேர்வை.

"பாரும்மா. மூச்சுகூட வாங்கல. கைய வச்சுப் பாரு."

தாயின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தாள். துடிப்பு உள்ளங்கையில் இடித்தது. அது சரியாகத்தான் துடிக்கிறதா, தப்பாகத் துடிக்கிறதா என்று தாய்க்கு எப்படித் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறது போல இருந்தது. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"எனக்கு வலிச்சா நானே விட்டுடுவேன்மா. ஒண்ணுமே பண்ணலையே. ஒண்ணுமே பண்ணாததுக்கு எப்படிம்மா விடறது?"

தாய் கையை எடுத்துக்கொண்டாள். வாம்மா, கிழங்கு வெந்துடும் என்றாள். அடுப்பையே அவள் இன்னும் பற்றவைத்திருக்கவில்லை.

மறுநாள் தாய் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் முயன்று பார்த்தாள். இதய வார்டுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிற முறை வேறொருத்திக்கு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெரிய டாக்டர் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற பாதையில் வண்டியை நிறுத்தி, ஸ்கேன் தாளை நீட்டினாள். அவர் நல்ல மனிதர். நடந்துகொண்டே வாங்கியவர் நின்றுவிட்டார். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை பார்த்தார். யாரு என்று கேட்டார். மகள் என்றாள். என்ன ஆடுகிறாள் என்று கேட்டார். சொன்னாள். அவர் தாளை மடித்து அவள் கையிலேயே வைத்து, சின்ன டாக்டர் சொன்னது சரிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியில் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து வீட்டுச் சமையலில் அவள் உப்பைக் குறைத்தாள். யாரும் சொல்லவில்லை. வேறு எதைக் குறைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாள் இருவரும் ஸ்கேன் எடுத்துக்கொண்டார்கள். தாய்க்கு அன்றே எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள். தரைக்காரரின் முடிவு மறுநாள்தான் வந்தது. அவர் தனியாகப் போய் வாங்கிக்கொண்டார். பதினெட்டு மில்லிமீட்டர். கனமான வேலை வேண்டாம், தூக்குவது, தள்ளுவது எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னாள். சரிம்மா என்று அடக்கமாகக் கேட்டுக்கொண்டு, தாளை எட்டாக மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேராக அரங்கத்துக்குப் போய் இயந்திரத்தைப் போட்டார்.

வீட்டில் கேட்டதற்கு, எனக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க என்றார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவர் யோசித்ததெல்லாம் மகளைப் பற்றித்தான். நம் உயரத்தைக் கொடுத்தோம், நம் நீளக் கைகளைக் கொடுத்தோம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறார். அதோடு சேர்த்து இதையும் கொடுத்திருக்கிறோம் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது.

மழைக்கிடையில் தரை வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. இழைத்து முடித்து, தூளை உறிஞ்சி எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, முதல் பூச்சு பூசினார். அது காய இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. மின்விசிறிகளை வாடகைக்கு எடுத்து ஓட விட்டார்கள். இரண்டாவது பூச்சும் காய்ந்ததும் நாடா ஒட்டிக் கோடுகளை வரைந்தார். நடுவட்டத்துக்கு நீலம். அவள் எப்போதும் நிற்கிற, வளையத்துக்கு முன்னாலிருக்கும் கட்டத்துக்குச் சிவப்பு. அந்தக் கட்டத்தை வரைந்தபோது மட்டும் இரண்டு முறை நாடாவைப் பிரித்து ஒட்டினார். கோணல் எதுவும் இருக்கவில்லை.

மகள் பயிற்சிக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தாள். துணி துவைத்தாள், பாத்திரம் தேய்த்தாள், மூன்று பேருக்கும் சமைத்தும் வைத்தாள். இவ்வளவு நல்ல பிள்ளையாக அவள் இருந்ததே இல்லை என்பது தாய்க்குச் சங்கடமாக இருந்தது.

போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது அணியின் கோச் அரங்கத்துக்கு வந்தார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. முழங்காலில் தையல் போட்ட தழும்பு உள்ளவர். வாசலிலேயே காலணியைக் கழற்றிவிட்டு வந்து, ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தை நீட்டினார். வேறு ஏதோ தெருவோர கிளினிக்கில் வாங்கிய சான்றிதழ். கொக்கு நல்ல உடல்நலத்தோடு இருப்பதாகவும், எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளலாம் என்றும் அதில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தது. கடுகுதான் கூடப் போயிருக்கிறாள். அந்த டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தாராம், அவ்வளவுதான்.

"விதிப்படி இது செல்லும் அண்ணே. குழுவுக்குத் தாள் இருந்தாப் போதும். முதல் தாள் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்."

"நீங்க என்ன மேடம் சொல்றீங்க?"

"நான் இறக்க மாட்டேன். ஆனா அதை நான் சொன்னா, எங்க மேடம் பயந்துட்டாங்கன்னு வாழ்நாள் பூரா நினைப்பா. நேத்து என் முன்னாடி வந்து நின்னு, செத்தாலும் தரையில சாகறேன் மேடம்னு சொல்றா. இருபது வயசுல அது எவ்வளவு சுலபமா வாயில வருது பாருங்க. நான் திட்டி அனுப்பிட்டேன். அப்புறம் ரூமுக்குள்ள போய் அழுதேன்."

தரைக்காரர் சான்றிதழைத் திரும்பக் கொடுத்தார். ஒருநாள் பொறுங்க மேடம், நான் பேசறேன் என்றார். என்ன பேசுவது என்று தெரியாமலேதான் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, மகளின் முகத்தைப் பார்த்து, மழை விட்டிருக்கு, நாளைக்குக் கடைசிப் பூச்சு பூசிடலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் பத்து மணிக்குப் பூச ஆரம்பித்தார். கடைசிப் பூச்சை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். வார்னிஷை ஊற்றி, ஆள் அகலத் துடைப்பானால் இழுத்துக்கொண்டே சுவருக்குச் சுவர் நடந்து, முந்தின வரிசையின் விளிம்பு காய்வதற்குள் அடுத்த வரிசையை அதோடு சேர்த்துவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் விளிம்பு காய்ந்து தழும்பு விழும். அப்புறம் முழுத் தரையையும் உரசித் திரும்பப் பூசினால்தான் போகும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பூச்சையும் நடுவில் நிறுத்தியதில்லை. அவசரத்துக்குப் போக வேண்டியிருந்தாலும் அடக்கிக்கொள்வார்.

பாதித் தரை தாண்டியிருந்தது. வாசலில் மகள் வந்து நின்றாள். காலில் செருப்பு இருந்தது. கழற்றவில்லை. ஆனால் வாசல்படியைத் தாண்டவும் இல்லை. கையில் எட்டாக மடித்துப் பிரித்த தாள், துவைக்கப் போட்ட கால்சட்டையிலிருந்து எடுத்தது.

"பதினெட்டுன்னு போட்டிருக்கு அப்பா."

அவர் துடைப்பானை இழுத்துக்கொண்டே நடந்தார். "வீட்டுக்கு வந்து பேசலாம்மா."

"எவ்வளவு நாளாத் தெரியும்?"

"அஞ்சு நாள் ஆச்சு."

"அஞ்சு நாளா நீங்க இந்த மிஷினைத் தள்ளிட்டு இருக்கீங்க. வாளி தூக்கிட்டு இருக்கீங்க. நான் நாப்பது நிமிஷம் ஆடக் கூடாது."

அவர் சுவரைத் தொட்டுத் திரும்பினார். "இது வேலைம்மா."

"எனக்கும் அது வேலைதான் அப்பா. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை." அவள் குரலை உயர்த்தவில்லை. ஒரு வாரமாக யாரிடமும் ஜெயிக்க முடியாமல் இருந்தவளுக்கு இப்போது மறுக்க முடியாத ஒன்று கையில் கிடைத்திருந்தது. "நீங்க நிறுத்தினா நானும் நிறுத்தறேன். நிறுத்துங்க. இப்போ."

"பாதியில நிறுத்தினா தழும்பு விழுந்துடும்மா. போட்டியன்னைக்குக் கோடு கோடாத் தெரியும்."

"தெரியட்டும்."

அவர் நிறுத்தமாட்டார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். செத்தாலும் நிறுத்தமாட்டார். அதை வைத்துத்தான் பேசினாள். அவர் அந்த வரிசையைச் சுவர்வரைக்கும் இழுத்துக்கொண்டு போவார், அடுத்ததை ஆரம்பிப்பார், அவள் அந்தத் தாளைப் படியில் வைத்துவிட்டு நேராக கோச்சிடம் போய், போட்டிக்கு என் பெயரைக் கொடுங்கள் என்பாள். வரும் வழியெல்லாம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

தரைக்காரர் நடுவட்டத்துக்கு அருகில் நின்றார். துடைப்பானின் கம்பை மெல்லச் சாய்த்து, பூசாத பக்கத்தில் படுக்க வைத்தார். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஈரம் படாத ஓரமாகவே சுற்றி நடந்து வந்து, வாசல்படியில், அவள் காலடியில் உட்கார்ந்தார்.

மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்திய இடத்தில் ஈர விளிம்பு பளபளத்தது. ஐந்து நிமிடம் போயிற்று. இன்னும் நேரம் இருக்கிறது, ஓடிப்போய் எடுத்தால் சேர்த்துவிடலாம் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மெல்ல மெல்ல அந்த விளிம்பின் பளபளப்பு மங்கியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் முடிங்கப்பா" என்றாள் கடைசியில்.

"காஞ்சுடுச்சும்மா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடத்திடம் அந்தச் சான்றிதழைக் கிழித்துவிடச் சொல்லுங்கள் என்றாள். அதில் கோபம் இல்லை, சம்மதமும் இல்லை. பந்து கையைவிட்டுப் போனபின் எதிரணி கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த முகம்தான் இருந்தது.

மேலாளர் கத்தினார். அப்புறம் காரணம் தெரிந்து பேசாமல் போனார். வெளியிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார்கள். அவர்கள் மறுநாள் வந்து தரை முழுவதையும் லேசாக உரசி, திரும்பப் பூசி, மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனார்கள். வெயிலும் அன்றைக்கென்று பார்த்து நன்றாக அடித்தது. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. தரைக்காரர் போய்ப் பார்த்தார். நல்லாத்தான் பண்ணியிருக்காங்க என்றார். அன்றிலிருந்து அவரைச் சாவி கொடுத்து வாங்குகிற அறையில் வேலைக்கு உட்கார வைத்தார்கள்.

அவருடைய பதினெட்டு மில்லி விஷயம் தாய்க்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அவள் அழுவாள், திட்டுவாள் என்று அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் இரண்டு பேரின் மாத்திரைகளையும் இரண்டு கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். தண்ணீர் வைத்தாள். அப்புறம் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள்.

"எனக்கு மட்டும் நல்லா இருக்காம். அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அணி முழுக்க வீட்டுக்கு வந்தது. பதினொரு பெண்கள், எல்லாம் உயரமானவர்கள், கடுகைத் தவிர. அறையில் உட்கார இடமில்லாமல் கட்டிலிலும் ஜன்னல் திட்டிலும் சமையலறை வாசலிலும் மடங்கி மடங்கி உட்கார்ந்தார்கள். தாய் வீட்டிலிருந்த முட்டையெல்லாம் அவித்துக் கொடுத்தாள். அவர்கள் ஒரு பேராசிரியைக்கு வந்த சளியைப் பற்றிப் பேசினார்கள். விடுதிக் குளியலறையில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசினார்கள். யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. தரைக்காரர் மரியாதைக்கு எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

கொக்குதான் ஆரம்பித்தாள். நாளைக்கு முதல் ஆட்டத்தில் எதிரணியின் உயரமானவள் எப்போதும் இடது தோளைக் காட்டிவிட்டு வலது பக்கம் திரும்புவாள், அதற்கு ஏமாறக் கூடாது, பந்து எகிறும்போது அவளைப் பின்னாலிருந்து அடைத்துக்கொண்டால்... என்று கையை விரித்துக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். பெண்கள் தலையாட்டினார்கள். அவர்கள் தலையாட்டிய விதத்தில் ஏதோ இருந்தது. அவள் நிறுத்தினாள்.

"என்னடி?"

கடுகு தன் கையிலிருந்த முட்டை ஓட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேடம் ஆட்டத்தையே மாத்திட்டாங்கடி. உள்ள யாரும் நிக்கப் போறதில்ல. எல்லாரும் வெளியவே நின்னு ஓடி ஓடி ஆடறது. ஒரு வாரமா அதைத்தான் பழகறோம்."

"நல்லா வருதா?"

கடுகு பொய் சொல்லப் பார்த்தாள். முடியவில்லை. "நல்லா வருது."

"அப்போ சரி" என்றாள் கொக்கு. "நல்லதுதான். அவங்களுக்கும் அது தெரியாதே."

அவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொருத்தியாக அவளைக் கட்டிக்கொண்டார்கள். கடுகு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் விடவில்லை. மூன்று மாடியும் இறங்குகிற சத்தம் கேட்டது. இருபத்திரண்டு கால்கள், ஒரு பேச்சு இல்லை. கொக்கு ஜன்னலுக்குப் போனாள். தாய் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பார்த்தாள்.

கீழே அவர்கள் தலை குனிந்து தெருவில் நடந்தார்கள். மூலைக்குப் போகும்வரை அப்படியே நடந்தார்கள். மூலையில் யாரோ ஒருத்தி ஏதோ சொன்னாள். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் அடித்தாள். பிறகு பேருந்தைப் பிடிக்க எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள்.

ஜன்னலில் நின்ற மகளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாக, அவர்கள் மூலை திரும்பி மறைந்த பிறகு.

"என்ன சொன்னாளுங்க?" என்று கேட்டாள் தாய்.

"கேக்கலம்மா" என்றாள் அவள்.